அவைக்குறிப்பில் ஏறாதவை

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
பதினோரு ஆண்டுகள்
உலீப்பிகா இக்குமாக்கின் ஆங்கிலமாக இருந்தேன்.
அவள் நம் மொழியில் சொல்வாள்.
இரண்டு நொடி பிந்தி நான்.
அவளுடைய கோபம்
எனக்கு மாதச் சம்பளத்தோடு வந்தது.

இகாலுயிட் அவையில் கட்சிகள் கிடையாது.
கடல்நாய்த் தோல் தைத்த இருக்கைகள்,
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு,
உள்ளே கழிவுநீர் லாரிகளைப் பற்றி விவாதம்.
முதல் உரைக்கு அவள்
ஒரு முட்டைகோசோடு வந்தாள்.
மேஜைமேல் வைத்து விலையைச் சொன்னாள்: இருபத்தெட்டு டாலர்.
காட்சிப் பொருளுக்கு அனுமதியில்லை என்றார் சபாநாயகர்.
'காட்சிப் பொருளா? என் மதியச் சாப்பாடு' என்றாள்.
அன்றைய சிரிப்புக்கு நான் தேவைப்படவில்லை.

எங்கள் ஆட்களிடம்
புருவம் ஏறினால் ஆம்,
மூக்குச் சுருங்கினால் இல்லை.
குழந்தைக்குக்கூட இது தெரியும்.
ஒலிவாங்கிக்குத் தெரியாது.
'மொழிப் பள்ளிக்கு இந்தத் தொகை போதும்தானே?'
தெற்கிலிருந்து வந்த அதிகாரி கேட்டார்.
அவள் மூக்கைச் சுருக்கினாள்.
'இல்லை' என்றேன் கூண்டிலிருந்து.
'அவர் வாயே திறக்கவில்லையே!'
'திறக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்க்க வேண்டும்.'
இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் என் சொந்தச் சரக்கு.
அதற்கு வந்த எச்சரிக்கைக் கடிதத்தைப்
பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒட்டாவாவில் ஒரு குழுமுன் சாட்சியம்.
மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால்
முன்கூட்டியே எழுதித்தர வேண்டுமாம்.
பார்வையாளர் வரிசையில்
வேலையில்லாத நாக்கோடு உட்கார்ந்திருந்தேன்.
அவள் ஒன்பது நிமிடம் பேசினாள்.
அப்பாவின் கழுத்தில் கயிற்றில் தொங்கிய வில்லையைப் பற்றி,
பெயர்கள் உச்சரிக்க வராததால்
அரசாங்கம் அதில் பொறித்த எண்ணைப் பற்றி,
பிறகு ஒரு பிற்பகலில்
குடும்பப் பெயர் வழங்க வந்த நோட்டுப்புத்தகத்தைப் பற்றி.
அப்பா அன்று பனிமேல், வேட்டையில்.
பக்கத்துக் கூடாரத்துக்காரன் சொன்னான்,
வந்தவர் காதில் விழுந்ததை எழுதினார்,
அடித்தொண்டையில் பிறக்கும் ஓர் ஒலி
அங்கேயே செத்தது.
'எண்ணில் ஒரு பிழையும் இல்லை' என்று முடித்தாள்.
'பெயரில்தான்.'

அச்சில் வந்தபோது பக்கத்தில் ஒரே வரி:
சாட்சி இனுக்டிடூட்டில் பேசினார்.
ஒன்பது நிமிடத்துக்கு மூன்று சொல்.
சட்டம் போட்டு மாட்டினாள் அதை,
தன் அலுவலகக் கழிப்பறையில்.
வந்த அமைச்சர்கள் எல்லாரும்
ஒருமுறையாவது படித்திருப்பார்கள்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை.

இரும்புச் சுரங்கம் வந்தது.
கப்பல்கள் வந்தால் நார்வால்கள் விலகும்
என்று வேட்டைக்காரர் சங்கம் சொன்னது.
நௌலாக் கடைசி வரிசையில்
கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்,
அவளோடு ஒரே படகில் வளர்ந்தவன்.
அவள் ஊரில் அறுபது பேருக்கு வேலை.
அந்தக் குளிர்காலம் மூன்று பையன்கள்
தங்களைத் தாங்களே முடித்துக்கொண்டிருந்தார்கள்.
சபாநாயகர் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டார்.
'ஆம்' என்றது வாய்.
புருவம் அசையவில்லை.

நான் வாயை மொழிபெயர்த்தேன்.
என் வேலை அதுதான்.

அடுத்த தேர்தலில் பதினான்கு வாக்கில் தோற்றாள்.
இப்போது உள்ளூர் வானொலியில்
விமானத் தாமதங்களையும்
தொலைந்த ஒற்றைக் கையுறைகளையும் படிக்கிறாள்.
ஒவ்வொரு பெயரையும்
அடித்தொண்டை வரை இறங்கி எடுத்து வருகிறாள்.

மார்ச்சில் அவள் ஊர் ஓடுபாதையில் பார்த்தேன்.
சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. முட்டைகோஸ் பெட்டிகளும்.
எத்தனையோ ஆண்டு வைத்திருந்த கேள்வியைக்
காற்றுக்கு மேலே கத்திக் கேட்டேன்:
'அன்றைக்கு, ஆம்தானா?'

என் பக்கம் திரும்பினாள்.
முக்காட்டு ஓரத்து ஓநாய் மயிர்
காற்றில் மடிந்து
நெற்றியையும் மூக்கையும் மூடியிருந்தது.

பதில் சொல்லிவிட்டுத்தான் போனாள்.