ஒன்றேகால் பவுன்

சுல்தான்பேட்டையில், குடை ரிப்பேர்க் கடைக்கு மாடியில்,
வர்க்கிச்சன் பச்சைக் கம்பளி விரித்து
இரண்டையும் வைத்தார்,
மூக்கு சுவரைப் பார்க்க.

"இது நாற்பத்து நாலு. இது முந்நூற்று ஐம்பத்தேழு.
ரெண்டும் பழசு, ரெண்டும் நேர்.
செசிலி மேடத்தோட லைசென்ஸில்
ஒரு இடம்தானே பாக்கி?"

ஒன்றுதான்.

எனக்கு எடைதான் உத்தியோகம்.
கொழிஞ்சாம்பாறைச் சந்தையில்
தராசுக்கு முத்திரை குத்துகிறவள்.
குண்டின் கனத்தை அவர் கிரெயினில் சொன்னார்.
நான் நகைக்கடைக் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன்:
பெரியது, இரண்டு பவுனுக்கு அரை கிராம் கம்மி.
சிறியது, ஒன்றேகால் பவுனும் கொஞ்சம் சேதாரமும்.
நடுவில் ஏறக்குறைய முக்கால் பவுன்.
முக்கால் பவுனில் நின்றுபோன கல்யாணம் ஒன்று
எனக்குத் தெரியும்.
என்னுடையது.

ஞாயிறு, கல்குவாரியை ஒட்டிய ரேஞ்சில்
பெரியதை முதலில் எடுத்தேன்.
விசையை இழுத்ததுதான் தெரியும்.
குழல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது,
மண்மேட்டு மயில் நாலும்
தமிழ்நாட்டுப் பக்கம் பறந்துகொண்டிருந்தன.
தாளில் ஓட்டை, நட்டநடுவில்.
சுண்டுவிரல் நுழையும்.
கிளப் செயலாளர் உண்ணித்தான் கைதட்டினார்:
"இதை எடுங்க. சத்தத்துக்கே பன்னி ஓடிரும்."
நாலாவது குண்டுக்குப் பிறகு மணிக்கட்டு
இரவல் வாங்கியது போலிருந்தது.

சிறியதில் பழகுவதற்கு லேசான தோட்டாவும் போடலாம்,
சிரட்டை உடைக்கிற சத்தம், அவ்வளவுதான்.
முழு மருந்து போட்டதும் அதுவும் கத்தியது.
ஆனால் கத்திவிட்டு
திரும்ப என் கைக்கே வந்து உட்கார்ந்தது.

தாள் நல்ல பிராணி.
இருபத்தைந்து மீட்டரில் நிற்கச் சொன்னால் நிற்கும்.
அடிபட்டால் திரும்பாது.

போன ஆடியில், வண்ணாமடைப் பக்கம்,
கரும்புக்காட்டு ஓரத்தில்
இருதயசாமி அண்ணனின் இரட்டைக்குழல்
ஒரு ஆண்பன்னியை வயிற்றில் வாங்கவைத்தது.
அது கரும்புக்குள் போனது.
நீளத் துப்பாக்கி சோகைக்குள் திரும்பாது;
அதனால் பஞ்சாயத்துப் பட்டியலில் அடுத்த பெயரான நான்,
கிளப்பின் பெரிய ரிவால்வரோடு
குனிந்து போனேன்.

ரத்தம் இலையில் முழங்கால் உயரத்தில் இருந்தது.
பிறகு இல்லை.
பிறகு மூச்சு மட்டும், என்னுடையதா என்று
தெரியாத மூச்சு.

முதல் குண்டைப் பயம் சுட்டது.
இரண்டாவதை நான் சுட வேண்டும்,
என் குழலோ இன்னும்
நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தது.
பதினொரு தையல், இடது தொடையில்.
பன்னி விடியும்வரை சாகவில்லை.
அந்தச் சத்தத்தை எந்தத் தராசிலும்
இன்னும் நிறுத்துப் பார்க்கவில்லை.

ஆகவே ரேஞ்சில் நான் ஓட்டையை அளக்கவில்லை.
முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவிலுள்ளதை அளந்தேன்,
விளையாட்டு வாத்தியார் ஷாஜியின் ஸ்டாப்வாட்சில்.
பெரியது: இரண்டு நொடி, சில சமயம் இரண்டரை.
சிறியது: ஒன்றுக்குள்.

"ஆம்பிளைங்க எல்லாம் பெரிசுதான் கேட்டு வரும்,"
வர்க்கிச்சன் கம்பளியை மடித்தார்.
ரசீது எழுதினார்.
கொஞ்சம் கழித்து, பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே,
"வாங்கிப் போய் ஒரு வருஷத்தில
விக்கவும் வரும்," என்றார்.

இரவு, ஆபீஸ் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.
விதிப்படி தப்பு.
குண்டில்லாமல் ஆயிரத்து நூற்று இருபது கிராம்.
ஆறும் ஏற்றினால் தொண்ணூற்றாறு கூட.
இறக்கினேன். பூட்டினேன்.
சாவியையும் ஒருமுறை நிறுத்தேன், ஏனோ.

பத்தரைக்குப் போன்.
"செசிலி, கடலைக்காட்டுல ஏழெட்டு நிக்குது.
புதுசு வந்தாச்சாமே, எடுத்துட்டு வர்றியா?"

வருகிறேன் என்றேன்.
செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னேன்:
"அண்ணா, நல்லாப் பக்கத்துல வரட்டும்.
தோளைப் பார்த்து அடிங்க.
வயித்துல மட்டும் அடிச்சிராதீங்க."