நபர் ஒன்று

டாண்டினோங் சந்தைக்குப் பின்தெருவில்
இன்னும் பதினொரு வீடுகள் பாக்கி.
கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை,
பையில் படிவ உறைகள்,
நாய்களுக்குப் பயந்து ஒரு குடை.

ஏழாம் இலக்கத்துக்கு இது நாலாவது தடவை.
மூன்று முறையும் ‘வந்தேன், காணவில்லை’ சீட்டைக்
கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தேன்.
மூன்றும் இன்று தபால்பெட்டியின் மேல்
ஒரு கல்லுக்கடியில் அடுக்கியிருந்தன.
படித்திருக்கிறார்கள்.

சங்கிலியின் நீளத்துக்குக் கதவு திறந்தது.
தமிழில் பேசினேன். சங்கிலி கழன்றது.
பயிற்சி வகுப்பில் இந்தச் சாவியைப் பற்றி
யாரும் சொல்லித் தரவில்லை.

எத்தனை பேர்?
“நாலு.”
அடுப்பில் இருந்தது நாலு பேருக்கான பானை அல்ல.
நான் பானையைப் பார்த்ததை அவர் பார்த்தார்.
“ஏழு. வீட்டுக்காரனுக்குச் சொல்லுவீங்களோ?”
அவருக்கும் சொல்லமாட்டேன், குடிவரவுக்கும் சொல்லமாட்டேன்,
சட்டம் எனக்கு வாய்ப்பூட்டுப் போட்டிருக்கிறது என்றேன்.
அதே சட்டத்தில் அபராதமும் உண்டு.
அதை இன்றைக்குச் சொல்லவில்லை.

படிவத்துக்கு ஒரே ஓர் இரவுதான் தெரியும்.
ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய் நள்ளிரவில்
நீ எங்கே மூச்சுவிட்டாய், அவ்வளவுதான்.
பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் முந்திப் பிறந்தது ஓர் ஆள்.
ஐந்து நிமிடம் பிந்திப் பிறந்தது
ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.
பன்னிரண்டே காலுக்குக் கண்மூடிய கிழவர்
இன்னும் நாட்டில் இருக்கிறார்.

அந்த இரவு இங்கே யார் யார்?
கிருபாகரன் கோழி ஆலையில், இரவு முறை.
யூட் லொறியில், மில்டுராவுக்கு இந்தப் பக்கம் எங்கோ.
வேறெங்கும் எண்ணப்படாமல் விடிந்து திரும்பியவர்
வீட்டில் இருந்தவரே என்பது விதி.
வாசித்துக் காட்டினேன்.
“அப்ப நான் இல்லாத கட்டிலிலை
நான் படுத்திருந்தனான்” என்றார் யூட்.
அந்தக் கட்டிலில் அன்றிரவு தவச்செல்வம் படுத்திருந்தார்.
படுக்கையறைகள் எத்தனை என்று படிவம் கேட்கும்.
மூன்று.
ஒரு கட்டிலுக்கு எத்தனை முதுகு என்று கேட்காது.

நபர் ஒன்று யார்?
யாரும் முன்வரவில்லை.
வாடகைப் பத்திரத்தில் இருப்பவர்
பிரிஸ்பேனுக்குப் போய் இரண்டு வருடம்.
முதலில் வந்தவர் யார் என்று கேட்டால்
ஏழு பேருக்கும் ஏழு படகு, ஏழு விதமான தேதி.
கடைசியில் அடுப்படியிலிருந்து மரியநேசன்,
“என்னைப் போடுங்கோ, நான்தானே எப்பவும் வீட்டிலை.”
ஆலை இயந்திரம் தின்ற இரண்டு விரல்களில்
இன்னும் கட்டு.
அப்படித்தான் அவர் நபர் ஒன்று ஆனார்.

மற்றவர்கள் நபர் ஒன்றுக்கு என்ன உறவு?
‘உறவற்றவர்’ கட்டத்தில் ஆறு முறை கோடிட்டேன்.
ஆறாவது கோட்டின்போது அவர்
மீன்தலையை எடுத்து யூட்டின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வருடத்துக்கு முன் வழக்கமாக எங்கே வசித்தீர்கள்?
“ஹோட்டல்” என்றார் தவச்செல்வம்.
எந்த ஹோட்டல்?
“ஜன்னல் திறக்காத ஹோட்டல்.”
தெருவைச் சொன்னார். தபால் குறியீட்டைச் சொன்னார்.
எதிரே இருந்த டிராம் தரிப்பின் இலக்கத்தையும்
முதல் டிராம் எத்தனை மணிக்கு என்பதையும் சொன்னார்.
அதற்குக் கட்டம் இல்லை. விளிம்பில் எழுதினேன்.
இயந்திரம் விளிம்பை வாசிக்காது.

கடைசிக் கேள்வி, விருப்பமென்றால் மட்டும்:
தொண்ணூற்றொன்பது வருடம் கழித்து
உங்கள் பெயரை மற்றவர்கள் பார்க்கலாமா?
“அதுக்குள்ளை விசா வந்திடுமோ?”
யார் கேட்டதென்று தெரியவில்லை.
சிரிப்பில் சங்கிலி போட மறந்த கதவு ஆடியது.

மரியநேசன் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கினார்.
ஆம் என்ற கட்டத்தைத் தாண்டிப் பாதிப் பக்கம் வரை
ஓடி நின்றது அவர் கோடு.
யூட் மட்டும் வேண்டாம் என்றார்.
காரணம் கேட்க எனக்கு அனுமதியில்லை.

ஒன்பதாம் இலக்கத்தில் நாய்.
குடையை எடுத்தேன்.