அங்க அடையாளம்

உயரம் கேட்டேன்.
தன் நாடிக்குக் கீழே கையைப் பிடித்து
"இவ்வளவு காணும் மேடம்" என்றார் சத்தியநேசன்.
நூற்றைம்பத்தைந்து செ.மீ. என்று எழுதினேன்.

நிறம் மாநிறம்.
அது எல்லோருக்கும் போடுவது.

கடைசியாக உடுத்தியிருந்தது?
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.
கூட வந்த அடுத்தவீட்டு பிரேமலெட்தான்
"பச்சையில மஞ்சப் பூப்போட்ட சேலை,
பிளவுசு சேராது" என்று சொல்லிவிட்டு
வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள்.

அங்க அடையாளம் இரண்டு வேண்டும் படிவத்துக்கு.
"எனக்க வீட்டுக்காரிக்குக் கையெல்லாம் கறையாக்கும்.
அண்டிக்கறை."
புதுக்கடை தொட்டு கருங்கல் வரை
விடியுமுன்னே அண்டியாபீசுக்கு நடக்கிற
அத்தனை பெண்களுக்கும் அதுதான் கை.
இரண்டாவது அடையாளத்துக்கு
ஒரு கோடு போட்டேன்.

"ஆதாரை வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்லா?"
ரேஷன்கடை மிஷினில் அவள் விரல் விழாதாம்.
மாதாமாதம் இவர் போய் விரல்வைத்துத்தான்
அரிசி வாங்கியது.
ரேகை தேய்ந்துபோன ஒருத்தியைத்
தேடக் கிளம்பினோம்.

பெண் காணவில்லை. ரோஸ்லெட். வயது நாற்பத்துநான்கு.

மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டு கேமராவில்
குடைகள் மட்டும் ஏறி இறங்கின. ஐப்பசி.
குழித்துறை ஆற்றில் தீயணைப்பு வண்டி ஒரு நாள்.
தொட்டிப்பாலத்தில் செருப்பு கிடக்கென்று
இரவு ஒன்றரைக்கு ஒரு போன்.
போனோம். ஆண் செருப்பு, இரண்டும் இடதுகால்.

ஆசாரிப்பள்ளம் பிணவறையில்
துணியை விலக்கியபோது
சத்தியநேசன் முகத்தைப் பார்க்கவில்லை.
கையைத்தான் பார்த்தார். வெளுத்த கை.
"இவ இல்ல" என்றார்.
"இது நல்ல கையாக்கும்."
பிறகு வாசலில் உட்கார்ந்து
வெகுநேரம் பீடியைப் பற்றவைக்கப் பார்த்தார்.

டவர் பட்டியல் ஒன்பதாம் நாள் வந்தது.
ஐந்து ஐம்பது புதுக்கடை.
ஆறு நாற்பது களியக்காவிளை.
அதற்கப்புறம் மலையாளக்கரை, அதற்கப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.
இருபத்தாறாம் நாள்
அவள் தங்கச்சி போனுக்கு ஒரு புது எண்ணிலிருந்து
பதினோரு செகண்டு.
"யாருமே பேசல்ல மேடம், மழைச் சத்தந்தான்" என்றாள் தங்கச்சி.
மழையாக எனக்குத் தோன்றவில்லை.

கொல்லத்துக்குப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை.
நூறு நூற்றிருபது பேர் குத்தவைத்து
அண்டி தல்லுகிறார்கள். அதே சத்தம்.
படத்தை எடுத்து நீட்டாமல்
பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.
ஒருத்தியும் நிமிரவில்லை.
ஒரு தடி மட்டும் நின்றது.

"நான் மேஜர்தானே?" என்றாள்.
பதினெட்டு முடிந்த மறுநாள்
காதலனோடு வந்து நிற்கிற பிள்ளைகள் கேட்பது அது.
ஆமாம் என்றேன்.

குழித்துறை கோர்ட்டில்
மாஜிஸ்திரேட்டிடம் அவள் சொன்னது மூன்று வரி.
யாரும் கடத்தவில்லை.
சொந்த விருப்பத்தில் போனேன்.
இருக்குமிடம் யாருக்கும் சொல்லப்படாது.
காரணம்?
"அதையும் எழுதணுமா?"
அவர் கொஞ்சம் யோசித்து
வேண்டாம் என்றார்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்தார் சத்தியநேசன்.
"எங்க?"
சொல்லக்கூடாது.
"உயிரோட?"
உயிரோட.
தலையை ஆட்டிக்கொண்டே
கண்டுபிடிக்கப்பட்டார் என்ற இடத்துக்கு நேரே
கையெழுத்துப் போட்டார்.
போகும்போது திரும்பி நின்று கேட்டார்:
"நான் சொன்ன அடையாளமெல்லாம்
சரியாத்தானே இருந்து?"

கோர்ட் வராந்தாவில் அவள்
என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.
ஆள் எடுப்பில் அளந்து போட்டது, நான் நூற்றறுபது.
என்னைவிட நாலு விரல் கூடுதல்.

சரியாக இருந்தது என்றேன்.
படிவத்தையும் திருத்தவில்லை.