இந்த ஊருக்கு எதுக்கு

உச்சிப்புளி ரயில்வே கேட்டுக்கு மேற்கே
கருவை மரத்தடியில் என் ஒர்க்‌ஷாப்.
கத்திரி தொடங்கி நாலாம் நாள்,
தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும் மதியத்தில்
பாம்பன் சகாயராசு பழைய வெள்ளைக் காரோடு வந்து
"ஹீட்டர்ல சூடு வரலண்ணே" என்றார்.

எதிரே டீக்கடையில் நாலு பேர் சிரித்தார்கள்.
"கண்ணாடிய இறக்கு மாப்ளே,
ஊர்ப்பட்ட சூடும் உள்ள வந்துரும்."

சகாயராசு சிரிக்கவில்லை.
விசைப்படகு டிரைவர்.
தடைக்காலம் முடிய முப்பத்தெட்டு நாள்.
படகு கரையில் சும்மா கிடக்கும்,
கடன் கிடக்காது.
கொடைக்கானலில் லாட்ஜ் பார்க்கிற மச்சான்
சீசனுக்கு வண்டி ஓட்டக் கூப்பிட்டிருக்கிறான்.
"மஞ்சு இறங்குனா கண்ணாடி வேர்த்துருமாம்.
சூட்டுக் காத்து அடிச்சாத்தான் ரோடு தெரியுமாம்."

இருபது வருஷத்தில்
ஹீட்டருக்காக நான் தூக்கிய முதல் பானெட்.

நாற்பது டிகிரியில்
சூடு இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?
ஒரு கை வென்ட்டில், ஒரு கை வெளியே.
ரெண்டிலும் ஒரே காற்று.
ஃபேனில் குறையில்லை.
ரேடியேட்டரில் தண்ணீர் கழுத்து வரை நின்றது.
மண்டபம் போய்த் திரும்பியும்
முள் கால்வாசிக்கு மேல் ஏறவில்லை.

சகாயராசு ஹோஸை விரலால் தொட்டுக்கொண்டே போனார்,
வலையில் கிழிசல் தேடுகிற விரல்.
"இது போற வழி. இது வர்ற வழி.
ஹீட்டருக்குப் போகாம
நடுவுலயே எவனோ வெட்டி ஒட்டிருக்கான்ணே."

ஒட்டின இடத்தில் செம்புக் கம்பி,
மூன்று சுற்று,
முனை இடது பக்கம் மடக்கியது.
நான் இடதுகைக்காரன்.

அப்போது இந்தக் கார் நீலம்.
கீழக்கரை உபைதுல்லா, துபாய் லீவில் வந்தவர்,
எஞ்சின் சுடுது என்றார்.
தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன், ஹீட்டரை அடைத்தேன்.
"இந்த ஊருக்கு எதுக்கு பாய் இதெல்லாம்?"
அவரும் தலையாட்டினார், காசு கொடுத்தார்.

இப்போது சொல்ல வாய் வந்தது.
ஸ்பேனர் எடுக்கப் போய்விட்டேன்.

ஹீட்டருக்குள் தண்ணீர் பாய்ச்சினோம்.
முதலில் துருக் கஷாயம்,
அப்புறம் வெள்ளை வெள்ளையாய்ச் செதில்,
போர் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் படிந்த உப்பு.
ஒன்றை நாக்கில் வைத்துத் துப்பினார்.
"நம்ம தண்ணிதான்."

'வேண்டாதது' என்று நான் எழுதிவைத்த பிஸ்கட் டின்னில்
ஆறு வருஷமாய்க் கிடந்தது தெர்மோஸ்டாட்.
வேலை செய்யுமா?
டீக்கடை வேலம்மா பால் சட்டி தர மாட்டேன் என்றாள்.
முட்டை அவிக்கிற சட்டி கொடுத்தாள்.
சிரித்த நாலு பேரும் டம்ளரோடு சுற்றி நின்றார்கள்.
தண்ணீர் முணுமுணுத்தது.
கொதிக்கக் கொஞ்சம் முன்னால்
மட்டி வாய் திறக்கிற மாதிரி
மெதுவாய்த் திறந்தது.
யாரும் பேசவில்லை.
வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது.

பொருத்தினோம்.
காருக்குள் இருவரும் உட்கார்ந்து
கண்ணாடிகளை ஏற்றி
குமிழைச் சிவப்புக் கோட்டுக்குத் திருகினேன்.
முள் ஏறியது, கால், அரை, அங்கேயே நின்றது.
காற்று வந்தது.
முகத்தில் அடுப்பைத் திறந்த மாதிரி ஒரு காற்று.
புருவத்தில் வேர்வை, கண்ணில் வேர்வை,
சட்டை முதுகோடு ஒட்டிப்போக
சகாயராசு வென்ட்டில் ரெண்டு கையையும் நீட்டிக்
குளிர் காய்ந்தார்.
"வருதுண்ணே, வருது."

பில்லில் ரெண்டு கிளிப், கூலன்ட் ஒரு கேன்.
"கூலி போடலியே?"
"முன்னாடியே வாங்கிட்டேன்."
அவர் அந்தச் செம்புக் கம்பியைப் பார்த்தார்,
ஸ்பேனர் பிடித்த என் கையைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

கேட் போட்டிருந்தது.
ரயிலுக்காக நின்ற வரிசையில்
அந்த ஒரு காருக்கு மட்டும்
கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது.