எண் 212: தாழி, விளிம்பு உடைந்தது

வெள்ளம் வடிந்த பன்னிரண்டாம் நாள்
எர்ணாவூர் அருங்காட்சியகத்தின் துருப்பூட்டை
மண்ணெண்ணெய் விட்டுத் திறந்தார் எத்திராஜ்.
முதலில் நாற்றம் வெளியே வந்தது.
பிறகு ஒரு தவளை.
பிறகுதான் இரண்டாயிரம் வருஷம்.

சுவர் நெடுக என் இடுப்பளவில் கறுப்புக் கோடு.
கண்ணாடிப் பெட்டிகளில் அதே கோடு,
திறப்புவிழாக் கல்வெட்டில் அமைச்சர் பெயருக்குக் குறுக்கே
அதே கோடு,
எண் இருநூற்றுப் பன்னிரண்டின் வயிற்றிலும்.

கொடுங்கையூரில் கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டியபோது
ஜேசிபி பல்லில் மாட்டி விளிம்பு போன தாழி.
உள்ளே மண், இரும்புத் துண்டு ஒன்று,
உள்ளங்கையில் அடங்கும் தாடை.
பால்பற்களுக்கு அடியில் அடுத்த பற்கள்
முளைக்கக் காத்திருந்தன.
பதிவேட்டில் "குழந்தை" என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நாள்கூலி ஐந்நூற்று இருபது.
பஞ்சு, ஸ்பிரிட், மெல்லிய பிரஷ்.
எங்கள் தெருவிலும் இதே கோடுதான்.
பீரோவில், கேஸ் அடுப்பில், கல்யாண ஆல்பத்தில்.
மூன்று கோட் பெயிண்ட் அடித்தோம்,
மூன்றையும் தாண்டி வந்து எட்டிப் பார்த்தது.
முகத்துவாரத்தில் வலைகளைக் குவித்து எரித்தார்கள்.
எண்ணெய் குடித்த வலை
தீக்குச்சிக்குக் காத்திருந்த மாதிரி எரிந்தது.

"பானையோட நிறம் மட்டும் தெரியணும்"
என்றார் நிவேதனா மேடம்.
எந்த நிறம்?
சூளையில் இறக்கிய நாளின் நிறமா,
மண்ணுக்குள் இறக்கிய நாளின் நிறமா?
கேட்கவில்லை. கூலி நாலு மணிக்குத்தான் தருவார்கள்.

பதினேழாவது பஞ்சில்
கறுப்பு விட்ட இடத்தில் இன்னொரு கோடு.
செம்பழுப்பு. மெலிசு.
மேலும் கீழுமாய்க் கொஞ்சம் அலைந்திருந்தது.
மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்தார், வெகுநேரம்.
"இதுவும் தண்ணி நின்ன கோடுதான். ரொம்பப் பழசு.
இதைத் தொடாதே."

அவர் போன் பேச வெளியே போனார்.
பழைய தண்ணீருக்கு மரியாதை.
போன மாதத் தண்ணீருக்குப் பஞ்சு.
ஒரு கறை
எத்தனை வருஷம் பொறுத்தால்
தொடக்கூடாததாகும்?
அதற்குத் தனிப் பதிவேடு இருக்கிறதா?

சுவரைப் பார்க்கும் பக்கத்தில்
ஒரு விரல் நீளம் துடைக்காமல் விட்டேன்.
எத்திராஜ் பார்த்தார்.
பீடியைக் காதில் செருகிக்கொண்டு
தாழியை அந்தப் பக்கமாகவே
இன்னும் கொஞ்சம் நகர்த்திவைத்தார்.

இரவு சோப்புப் போட்டும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.
திவாகர் வாயை "ஆ"வென்று திறந்து
ஆடுகிற முன்பல்லைக் காட்டினான்.
"தொட்டுப் பாரும்மா."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
பார்த்தேன்.