பதினோரு மணி

திருத்தணி தாண்டி நகரி தாண்டி
புத்தூரில் இறங்குகிறவர்களில் பாதிப்பேர்
ஒரு கையால் இன்னொரு கையைத்
தாங்கிப் பிடித்தபடி இறங்குகிறார்கள்.
எல்லோரும் எதிர்ச்சாரிக்கு.
அங்கே மூங்கில் சிம்பு, பச்சிலை,
முட்டை வெள்ளை, துணிச்சுருள்.
மூன்று கட்டில் முறிந்தது கூடிவிடும்.

இந்தப் பக்கம் நான், பல் டாக்டர்.
போர்டில் மேலே தெலுங்கு, கீழே தமிழ்.
வந்த புதிதில் ஒருவர்
"பன்னு நொப்பி" என்று கன்னத்தைப் பிடிக்க,
டீக்கடை பன்னு ஒத்துக்கொள்ளவில்லை போல
என்று நினைத்தவள்.

மாமியாரின் மணிக்கட்டுக்கு
அறுபத்திரண்டாம் டோக்கன் வாங்கி வைத்துவிட்டு
சாலையைக் கடந்து வந்தாள் தேசராணி.
நகரியில் விசைத்தறி.
அறுந்த இழையை முடிந்து
மிச்சத்தைக் கடித்துத் துப்பித் துப்பி
முன்பல் நுனியில் ஒரு காடி.
அதை அடைக்கத்தான் வந்தாள்.
நான் பார்த்தது வேறு:
ஈறோரம் ஒரு வெள்ளைத் திட்டு.
ஈரத்தில் தெரியாது.
ஊதிக் காயவைத்தால்
சாக்பீஸால் யாரோ தொட்டுப் போன மாதிரி.
ராத்திரி ஷிப்டுக்கு ஆறு டீ,
ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்பூன் சர்க்கரை.
மேற்புறம் இன்னும் உடையவில்லை,
அடியில்தான் சுண்ணாம்பு போய்க்கொண்டிருந்தது.

"எதிர்ல எலும்பையே ஒட்டுறாங்க,
பல்லும் எலும்புதானே மேடம்?"

இல்லை.
எலும்புக்குள் ஆள் குடியிருக்கிறது.
முறிந்த ராத்திரியே வேலைக்கு வந்துவிடும்.
எனாமலைக் கட்டியவர்கள்
பல் முளைக்கும் முன்பே
சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள்.
எந்த ஊர் என்றுகூடத் தெரியாது.

பிரிட்ஜில் ஒரே ஒரு குப்பி,
கம்பெனி ஆள் சாம்பிளாக வைத்துப் போனது,
காலாவதிக்கு ஒன்பது நாள்.
விலை, அவளுடைய மூன்று வாரக் கூலி.
அதைச் சொல்லவில்லை.

பெப்டைடு என்றேன்.
புரதத்தில் ஒரு பொடி நறுக்கு.
பதினோரு மணி கோத்த சரம்.
தண்ணீரில் தனித்தனியே திரியும்,
புண்ணின் புளிப்பு பட்டதும்
ஒன்றை ஒன்று பிடித்து நாராகும்,
நார் பின்னி நிற்கும்.
அது பாவு மட்டும்தான்.

"ஊடை?"

உன் எச்சில்.
அதில்தான் கால்சியம் இருக்கிறது.
நீதான் நெய்யணும், நாள் ஆகும்.

மெஷின் வேண்டாம், ஊசி வேண்டாம்.
துடைத்து, இருபது வினாடி அமிலம் வைத்து,
கழுவி, ஒரு துளி.
ஐந்து நிமிடம் வாயை மூடாதே.
சுவரில் மணி பதினொன்று.

மூன்றாவது நிமிடம்
எதிர்ச்சாரி மைக்கில் "அரவை ரெண்டு."
அவள் கண் மட்டும் என்னைப் பார்த்தது.
மறுபடி "அரவை ரெண்டு."
கை நாற்காலியை இறுக்கியது.
எழுந்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

வாசலில் மாமியார்.
துப்பட்டாவில் தொங்கும் வீங்கிய கையோடு
லாரிகளுக்கு நடுவே தானே கடந்து வந்து,
திறந்த வாயைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
"அறுபத்துமூணை முன்னால விட்டுட்டேன்"
என்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.
எதிரே முட்டை ஓட்டுக் குவியலைக்
காக்கை கிளறிக்கொண்டிருந்தது.
முட்டை வெள்ளையும் புரதம்தான்.
அப்போதுதான் தோன்றியது.

மூன்றாம் கட்டு பிரிக்க வந்தபோது
இங்கேயும் வந்தார்கள்.
ஆறு வாரம் போதாது, எனக்கே தெரியும்.
ஊதிக் காயவைத்துப் பார்த்தேன்.
கடுகளவு சிறுத்திருந்தது போல.
விளக்கை நகர்த்தினால் பழைய அளவு.
பதிவேட்டில் "மாற்றம்" என்று எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

அவள் அதைப் பார்க்கவில்லை.
என் கோட்டுக் கையில் தொங்கிய இழையைப் பார்த்தாள்.
குனிந்து
அந்தக் காடியில் வைத்துக்
கடித்துத் துப்பினாள்.

துணியில் அந்த இடம்
கொஞ்ச நேரம் ஈரமாக இருந்தது.