நூற்று இருபத்தொன்று

சல்மாபாத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடை.
வியாழன் இரவு பத்துக்கு மேல்
தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளினால்
அறுபது பேர் ஆடலாம்.
ரெக்சின் வாசனை மட்டும் தள்ளத் தள்ள
நடுவிலேயே நிற்கும்.

மேசையில் மூன்று பெட்டிகள்.
மணியடிப்பது ஒன்று, கேட்டு நடப்பவை இரண்டு.
மணியடிப்பதற்கு யூஸ்ரா வைத்த பெயர் முதீர்.
ஓர் அடிக்கு இருபத்துநான்கு துடிப்பு அனுப்பும்,
அதைத் தவிர வேறு வேலை அதற்குக் கிடையாது,
அதன் குரலை யாரும் கேட்டதும் கிடையாது.

பகலில் நான் சில்லர் பார்க்கிறவன்.
மூன்று கம்ப்ரஸரும் ஒரே நொடியில் எழுந்தால்
கட்டடம் இருண்டுவிடும்.
ஒன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று
எழுப்பிவிடுவது என் சம்பளம்.
அங்கேயும் அந்தப் பெட்டிக்கு
சீக்வென்சர் என்றுதான் பெயர்.
இரவில் வாங்கியதெல்லாம்
இதற்கு நேர் எதிரான தலைவலி.

பதினொன்று நாற்பதுக்கு
யாருடைய செருப்போ, ரோவெலின் லைட் ஸ்டாண்டோ,
ஒரு கேபிள் நழுவியது.

பேஸ் பெட்டி நிற்கவில்லை.
மணி கேட்காவிட்டால் உன் மணியில் ஓடு என்று
நானேதான் அதற்குச் சொல்லி வைத்திருந்தேன்.
அதன் வயிற்றில் கிடந்த எண் நூற்று இருபத்தொன்று,
ஏதோ ஒத்திகையில் வைத்து மறந்தது.
முதீர் நூற்று இருபது.

முதல் சில நொடி ஒன்றுமில்லை.
அப்புறம் டிரம்முக்கு ஒரு நிழல் முளைத்தது,
குறுகலான படியில்
இரண்டு பேர் சேர்ந்து இறங்குகிற சத்தம்.
தப்பு என்றேன்.
எங்கள் பக்கம் அது ஒரு தோல்கருவிக்கும் பெயர்
என்று யூஸ்ராவிடம் சொல்ல அது நேரமில்லை.

நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம்.
நிறுத்தினால் அறுபது முகமும் இந்தப் பக்கம் திரும்பும்.
இப்போதே செருகலாம்.
செருகினால் அந்தக் கோணலிலேயே உறைந்துபோகும்.
அவள் நான்கு விரலைக் காட்டினாள்.
கொஞ்ச நேரம் புரியவில்லை.
நிமிடத்துக்கு ஓர் அடி முந்துகிறது.
சுற்றுக்கு நான்கு அடி.
சும்மா விட்டால்
தானே ஒரு சுற்று சுற்றி வந்துவிடும்.

கேபிள் நுனியை விரலிடுக்கில் பிடித்தபடி நின்றேன்.
ஊசியில் நூல் கோக்கப் போகிறவன் மாதிரி
நான்கு நிமிடம்.

அரை நிமிடத்தில் பேஸ்
அடிக்கும் அடிக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது.
கூட்டம் இரண்டாகப் பிரிந்தது,
டிரம்மை நம்புகிறவர்கள், மற்றவர்கள்.
ஒரு நேபாளிப் பெண் மட்டும்
காலுக்கு ஒன்று தோளுக்கு ஒன்று எனப்
பங்கு போட்டுக்கொண்டாள்.
ஒரு நிமிடத்தில் அடியோடு அடி பொருந்தியது,
ஆனால் இது ஒன்று என்றபோது
அது இரண்டு என்றது.
யாரோ விசில் அடித்தார்கள்.
வேண்டுமென்றே செய்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.
மூன்றாவது நிமிடத்தில்
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

யூஸ்ராவின் தலை அசைந்தது. செருகினேன்.
ஒரு மயிரிழை முந்திவிட்டேன்.
மிச்ச இரவு முழுக்க பேஸ்
டிரம்முக்குச் சற்றே முன்னால்,
கதவு திறக்குமுன் உள்ளே கால் வைக்கிறவன் போல.
சரிசெய்யக் கை நீட்டினேன்.
அவள் என் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள்.

முதீருக்கு எதுவும் தெரியாது.
அந்தக் கம்பியில் போகும் வழி மட்டும்தான்,
திரும்பி வரும் வழி இல்லை.

வெள்ளி காலை ஆறு, சீஃபில் ஒரு கூரை.
இரண்டாவது கம்ப்ரஸர் எழுந்து
நான்கு நிமிடம் கழித்துத்தான் மூன்றாவது.
காத்திருந்தபோது
கைப்பிடிக் கம்பியில் விரல் எதையோ தட்டிக்கொண்டிருந்தது.
என்ன வேகம் என்று
எண்ணிப் பார்க்கவில்லை.
கம்பி அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது.